நாலு தடவை கேட்டவர்

அத்தியாயம் 19

கீதாஞ்சலி வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டர் தேரடித் தெருவில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டு, ஆறு கம்ப்யூட்டர்களையும் ஒவ்வொன்றாக அவள் ஆன் செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"கீதா, நான்தான்."

அண்ணன் விமல்ராஜின் குரல். சென்னையில் அவன் ஒன்பதரை மணிக்கெல்லாம் எழுந்திருக்கிற ஆள் இல்லை.

"பேப்பர்ல எங்க ஆல்பம் விமர்சனம் வந்துடுச்சி," என்றான்.

"நல்லா எழுதியிருக்காங்களா?"

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது.

"அண்ணா?"

"கிழிச்சித் தொங்க விட்டுட்டான்," என்றான் விமல்.

கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை உதறிவிட்டு, மூன்று நண்பர்களோடு சேர்ந்து 'சுற்றுப்பாதை' என்ற ராக் இசைக்குழுவை விமல் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. போன மாதம்தான் அவர்களுடைய முதல் ஆல்பம் வெளிவந்தது. பெயர் 'பதினாலு கிலோமீட்டர்'. சொந்த ஊர் மலையைக் கிரிவலமாக ஒருமுறை சுற்றி வந்தால் எவ்வளவு தூரமோ அவ்வளவு. மொத்தம் எட்டுப் பாட்டு. எட்டும் ஒரே நடையின் எட்டுப் பகுதிகள். ஒவ்வொன்றும் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று போகும். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும், திடீரென்று எல்லாம் அடங்கிப் போய் மறுபடி பிடிக்கும். இதற்குப் புரோகிரசிவ் ராக் என்று பெயர் என்று வீட்டில் அவன் விளக்கியபோது, "கூத்து மாதிரியா?" என்று அம்மா கேட்டாள். விமல் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிட்டத்தட்ட அப்படித்தாம்மா," என்றான்.

அப்பா சகாதேவன் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் ஒரு பிரிவின் கண்காணிப்பாளர். மறுநாள் காலை, சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்.

"எனக்கு இந்தப் பாட்டைப் பத்தித் தெரியாது. தெரியாத விஷயத்துல நான் முடிவு சொல்ல மாட்டேன். உங்க ஆல்பம் வரட்டும். விஷயம் தெரிஞ்சவங்க கேட்டுட்டு என்ன எழுதுறாங்களோ, அதுதான் முடிவு. சரின்னு சொன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன். சரியில்லன்னு சொன்னா நீ பழைய வேலைக்கே போயிடணும். சம்மதமா?"

விமல் சம்மதித்தான். பழைய கம்பெனியின் மேனேஜருக்கு அவன்மேல் பிரியம் உண்டு. திரும்பி வருவதானால் இந்தத் திங்கட்கிழமைக்குள் வந்துவிடு என்று சொல்லியிருந்தார்.

இப்போது வெள்ளிக்கிழமை.

"கீதா, ஒரு உதவி செய்," என்றான் விமல். "அந்தப் பேப்பரோட வெள்ளிக்கிழமை இணைப்பு சென்னைக்கு மட்டும்தான். நம்ம ஊருக்கு வராது. அப்பா நெட்ல போயித் தேடப் போறதில்ல. போன வாரம் மேகசீன்ல நல்லா எழுதியிருந்தாங்கல்ல, அதை மட்டும் பிரிண்ட் எடுத்துக் காட்டு. இதைக் காட்டாத."

அவள் பதில் சொல்வதற்குள் அவனே தொடர்ந்தான். "மாறன் விடிஞ்சதும் படிச்சிருக்கான். பையைத் தூக்கிட்டு ஊருக்குக் கிளம்பிட்டான். டிரம்ஸ் எல்லாம் இங்கியே கிடக்குது. நாலாவது பாட்டுக்கு அவன் பேரைப் போட்டே எழுதியிருக்காங்க."

மாறன் அடி அண்ணாமலைக்காரன். விமலோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவன். குழுவின் டிரம்மர். மற்ற இரண்டு பேரும் சென்னைவாசிகள்.

"சண்டை போட்டுக்கிட்டீங்களா?"

"சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவல. ஒரு வார்த்தை பேசல அவன்."

போனை வைத்துவிட்டுக் கீதா மிச்சக் கம்ப்யூட்டர்களை ஆன் செய்தாள். அண்ணன் அவளிடம் இதுவரை எதுவுமே கேட்டதில்லை. கொடுத்துத்தான் பழக்கம். போன வருடம் பெண் பார்க்க வந்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலையை விட்டுவிட வேண்டும் என்று கறாராகச் சொன்னபோது, கூடத்தில் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, "அவ விட மாட்டாங்க, நீங்க காபி சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம்," என்று சொன்னவன் அவன். அன்றைக்கு அவளால் எழுந்து நின்றிருக்க முடியாது. அந்த நன்றி அவளுக்குள் நாள்தோறும் இருந்தது.

நெட் பிடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அவள் அந்த விமர்சனத்தைத் திறந்து படித்தாள். எழுதியவர் பெயர் வளவன். ஒருமுறை படித்துவிட்டு, வாசல் பக்கம் போய் நின்று காற்று வாங்கினாள். திரும்பி வந்து, இரண்டையும் பிரிண்ட் எடுத்தாள். மேகசீனில் வந்தது இரண்டு பக்கம். பேப்பரில் வந்தது மூன்று பக்கம். இரண்டாவதை நாலாக மடித்துக் கைப்பையின் உள்பக்க ஜிப்புக்குள் வைத்தாள்.

ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

*

மதியம் ஒன்றேகாலுக்கு அவள் வேங்கிக்கால் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். ஆபீஸ் பக்கத்திலேயே இருப்பதால் மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்.

"வந்துடுச்சாம்மா?" என்றார்.

அவள் மேகசீன் பக்கங்களை நீட்டினாள்.

"பேப்பர்லயும் இந்த வாரம் வரும்னு சொன்னானே?"

"இன்னும் வரலப்பா."

சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குள் போனாள். அம்மா தங்கம்மாள் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். தட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

சகாதேவன் சாப்பிடும்போது படிக்க மாட்டார். சாப்பிட்டு முடித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார். ஆங்கிலம் அவருக்கு நன்றாகவே வரும், கொஞ்சம் மெதுவாக. ஒவ்வொரு வரியாகப் போனார். 'தென்னிந்தியா இதுவரை கேட்டிராத துணிச்சல்' என்ற இடத்தில் அவர் முகம் மலர்ந்தது. மனைவிக்கு அதைத் தமிழில் சொன்னார். தங்கம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து கதவருகே நின்றாள்.

இரண்டாவது பக்கத்தின் நடுவில் அவர் பேனா நின்றது.

"கீதா, மூணாவது பாட்டுல புல்லாங்குழல் ரொம்ப உருக்கமா இருக்குதுன்னு எழுதியிருக்காரு."

"ம்."

"மூணாவது பாட்டுல ஏதும்மா புல்லாங்குழல்?"

கீதா நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுல கிதாரு, டிரம்ஸு, அப்புறம் அந்த கீபோர்டு. அவ்ளோதான். எட்டுப் பாட்டுலயும் புல்லாங்குழலே கிடையாது."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

சகாதேவன் கண்ணாடியைக் கழற்றினார். "கேசட் அனுப்பியிருந்தான்ல. உங்கம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறப்ப போட்டுக் கேட்டேன். மூணு வாரமா. தெரியாத விஷயம்னாலும் ஃபைலைப் பிரிச்சிப் பார்க்காம இருக்க முடியாது இல்ல?"

கீதா அந்தப் பக்கங்களை வாங்கி மறுபடி படித்தாள். காலையில் பிரிண்ட் எடுத்தபோதே எங்கேயோ படித்தது போலிருந்தது. இப்போது பிடிபட்டது. ஆறு மாதத்துக்கு முன்னால், ஆல்பம் பதிவாவதற்கு முன்பே, பத்திரிகைகளுக்கு அனுப்புவதற்காக விமல் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தான். அதை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து டைப் அடித்தவளே அவள்தான். அப்போது புல்லாங்குழல் வாசிக்க ஒருவர் வருவதாக இருந்தது. அப்புறம் அவர் வரவில்லை. 'உருக்கமான' என்ற வார்த்தைகூட அவள் சேர்த்ததுதான். மேகசீன்காரர் அந்தக் குறிப்பை அப்படியே எடுத்து, அங்கங்கே பூ வைத்துப் பொட்டு வைத்து அச்சடித்துவிட்டார்.

அவள் அதைச் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சகாதேவன் பேனாவை மூடினார்.

"அப்ப இவரு கேக்கவே இல்ல," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்பத் தணிந்த குரலில் சொன்னார். "ஒன்றரை வருஷம். அந்தப் பசங்க ராத்திரி பகல்னு பார்க்காம உழைச்சிருக்காங்க. ஒருத்தரும் உட்கார்ந்து கேக்கல. நல்லா இருக்குது, நல்லா இல்ல, அது அப்புறம். கேக்கவே இல்லையே தங்கம்."

தங்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பாவின் முகத்தைக் கீதாவால் பார்க்க முடியவில்லை. பிள்ளையின் மேல் வருத்தப்படுவார், முடிவு சொல்வார் என்றெல்லாம் நினைத்திருந்தாள். பிள்ளைக்காக இப்படி நொந்துபோவார் என்று நினைக்கவில்லை.

"ஒருத்தர் கேட்டிருக்காருப்பா," என்றாள்.

கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து, மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "காலையிலயே வந்துடுச்சி. நான்தான் மறைச்சேன். ரொம்பத் திட்டியிருக்காரு."

சகாதேவன் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். காகிதத்தைப் பிரித்து, கையால் நீவிச் சமன் செய்து, படிக்கத் தொடங்கினார்.

*

வளவனின் விமர்சனம் இப்படித் தொடங்கியது: 'இந்த ஆல்பத்தை நான் நான்கு முறை முழுவதுமாகக் கேட்டேன். முதல் முறை எரிச்சல் வந்தது. நான்காவது முறை எரிச்சல் குறைந்து வருத்தம் வந்தது.'

எட்டுப் பாட்டுகளில் சொன்னதை ஐந்தில் சொல்லியிருக்கலாம் என்றார். இரண்டாவது பாட்டு வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து கடன் வாங்கிய சட்டை, தோளில் தொங்குகிறது என்றார். ஆறாவது பாட்டில் கணக்குத்தான் இருக்கிறது, பாட்டு இல்லை என்றார். நாலாவது பாட்டான 'பாதி வழி'யைப் பற்றி ஒரு முழுப் பத்தி. 'பதினோராவது நிமிடத்தில் டிரம்மர் மாறன் தடுமாறுகிறார். தெரியாமல் விட்டிருந்தால் அது சோம்பல். தெரிந்தே விட்டிருந்தால் அது திமிர்.'

அந்த இடத்தில் கீதா கண்ணை மூடிக்கொண்டாள். காலையில் மாறனும் அங்கேதான் படிப்பதை நிறுத்தியிருப்பான்.

சகாதேவன் எழுந்து போய் ஆபீசுக்குப் போன் செய்தார். "மத்தியானம் அரை நாள் லீவு போட்டுக்கிறேன்... உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. வீட்ல கொஞ்சம் வேலை." முப்பத்தோரு வருட சர்வீசில் அவர் இப்படி அரை நாள் லீவு போட்டதைத் தங்கம்மாள் பார்த்ததில்லை.

டேப் ரெக்கார்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். கேசட்டைப் போட்டு, நாலாவது பாட்டு தொடங்கும் இடத்தைத் தேடிப் பிடித்தார்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

பாட்டு மெதுவாகத் தொடங்கியது. கிதாரின் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. அடியில் டிரம்ஸ், ஏழு ஏழு அடியாகப் போட்ட நடை. பத்தாவது நிமிடத்தில் எல்லாம் களைத்துப் போனது போல இழுக்க ஆரம்பித்தது. சகாதேவன் கடிகாரத்தைப் பார்த்தபடி விரலை உயர்த்தினார்.

"இங்கதான்."

ஒரு அடி தப்பி விழுந்தது. ஒரு நொடி வெற்றிடம். பிறகு டிரம்ஸ் மறுபடி நடந்தது.

"சரியாத்தான் சொல்லியிருக்காரு," என்றார் சகாதேவன். குரலில் ஒரு மரியாதை இருந்தது. "நிமிஷம் வரைக்கும் குறிச்சி வெச்சி எழுதியிருக்காரு. நான் இத்தனை வருஷமா ஃபைல்ல நோட் எழுதி மேல அனுப்புறேன். கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டு வரும். ஒரு ஆபீசரும் நடுப்பக்கத்துல ஒரு தப்பு இருக்குதுன்னு திருப்பி அனுப்பினதில்ல. தப்பு இல்லாமயா இருந்திருக்கும்?"

"அவரு சரியா கேக்கல," என்றாள் தங்கம்மாள்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாலு தடவை கேட்டிருக்காரும்மா," என்றாள் கீதா.

"நான் எட்டு தடவை கேட்டிருக்கேன். இந்தப் பாட்டை மட்டும்."

"எப்போ?" என்றார் சகாதேவன்.

"நீங்க ஆபீஸ் போனப்புறம். அரிசி பொறுக்கறப்ப போட்டுக்குவேன்." அவள் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னாள். "மத்தது எனக்குத் தெரியாது. ஆறாவது பாட்டு எனக்கும் தலைவலிதான். ஆனா இந்த இடம் தப்பு இல்ல. அவருக்கு அந்தப் பாதையில நடந்து பழக்கம் இல்ல போல."

"அப்படீன்னா?"

"அதை உங்ககிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? யாருகிட்ட சொல்லணுமோ அவன்கிட்ட சொல்லிக்கிறேன்." அவள் எழுந்தாள். "கீதா, மாறன் வீடு உனக்குத் தெரியும்ல?"

சகாதேவன் அவளைத் தடுக்கவில்லை. விமர்சனத்தின் மூன்றாம் பக்கத்தைக் கையில் எடுத்தார். "கடைசி வரியை நீ படிச்சியா கீதா?"

அவள் படித்திருந்தாள். காலையில் வாசலில் நின்று காற்று வாங்கியது அந்த வரிக்குப் பிறகுதான். 'ஏழாவது பாட்டின் கடைசி இரண்டு நிமிடங்களை இந்த நகரத்தில் வேறு யாராலும் செய்திருக்க முடியாது. அதற்காகவே, இவர்களுடைய அடுத்த ஆல்பம் வரும் நாளில் நான் கடை வாசலில் காத்திருப்பேன்.'

"தெரிஞ்சவங்க சொல்றதுதான் முடிவுன்னு சொன்னேன்," என்றார் சகாதேவன். "இவரு தெரிஞ்சவரு. காத்திருக்கேன்னு எழுதியிருக்காரு. காத்திருக்கற மனுஷனை நான் எப்படி ஏமாத்துறது?"

கீதாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "அப்ப அண்ணன் வேலைக்குப் போக வேணாமாப்பா?"

"நான் வாயைத் திறக்க மாட்டேன்னுதானே பேச்சு. திறக்கல." அவர் மேசைக்குப் போய் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். "அவனுக்குப் போன் போட்டுச் சொல்லிடு. நான் லெட்டர் எழுதணும்."

கீதா சென்னை அறைக்குப் போன் போட்டாள். கீபோர்டு வாசிக்கிறவன் எடுத்தான். விமல் காலையிலேயே வெளியே கிளம்பிவிட்டானாம். எங்கே என்று சொல்லவில்லையாம்.

அவள் அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அலுவலகக் கையெழுத்தில், சாய்வே இல்லாமல், நேராக எழுதிக்கொண்டிருந்தார்.

'மதிப்புக்குரிய வளவன் அவர்களுக்கு, வணக்கம். தாங்கள் கடுமையாக விமர்சித்திருக்கும் இசைக்குழுவில் கிதார் வாசிக்கும் விமல்ராஜின் தகப்பனார் எழுதிக்கொள்வது. என் மகனுடைய உழைப்பை நான்கு முறை கேட்டதற்காகத் தங்களுக்கு நன்றி சொல்லவே இந்தக் கடிதம். தாங்கள் குறிப்பிட்ட இடங்களைக் கடிகாரம் வைத்துச் சரிபார்த்தேன். பெரும்பாலும் உடன்படுகிறேன். பதினோராவது நிமிடம் குறித்து மட்டும் என் மனைவிக்கு மாற்றுக் கருத்து உள்ளது...'

*

பௌர்ணமி போய்ப் பத்து நாளாகியிருந்ததால் கிரிவலப் பாதை காலியாகக் கிடந்தது. ஆட்டோ அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி. மாறனின் அம்மா சந்திரம்மாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா," என்று குடத்தைக் கீழே வைத்தாள். "மத்தியானம் வந்தான். சோறு துன்னல. இன்னாடான்னா வாயைத் திறக்கல. பின்னால மல்லாட்டை ஆஞ்சிகிட்டிருக்கான்."

வீட்டுக்குப் பின்னால், களத்தில், அன்று பிடுங்கிய வேர்க்கடலைச் செடிகள் குவியலாகக் கிடந்தன. மாறன் அதன் நடுவில் உட்கார்ந்து காய்களை ஆய்ந்து கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். சென்னைக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்பு பனியன் முழுக்க மண். இவர்களைப் பார்த்ததும் எழுந்தான்.

"அம்மா, நீங்க ஏன் இவ்ளோ தூரம்..."

"உட்காரு," என்றாள் தங்கம்மாள். தானும் குவியலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒரு செடியை எடுத்து ஆயத் தொடங்கினாள். "நாலாவது பாட்டைப் பத்தி உன்கிட்ட பேசணும்."

அவன் முகம் செத்துப் போயிற்று. "படிச்சிட்டீங்களா?"

"கீதா அப்பா படிச்சிச் சொன்னாரு."

"அந்தாளு எழுதுனது சரிதாம்மா. அங்க தடுமாறினேன். காலையில இருந்து வாசிச்சி வாசிச்சிக் கை ஓஞ்சிப் போயிருந்திச்சி. இன்னொரு தடவை எடுக்கலாம்னு விமல்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன். அவன்தான் வேணாம், இதுதான்டா நல்லா இருக்குதுன்னான். இன்னிக்கி பேப்பர்ல யாரு பேரு வந்திருக்குது? இந்தப் பாட்டே எங்க ஊரைப் பத்திதான். எங்க ஊரு பாட்டுலயே நான் சோம்பேறின்னு போட்டுட்டான்."

தங்கம்மாள் கையை நிறுத்தவில்லை. காய்கள் கூடையில் விழுந்துகொண்டிருந்தன.

"விமல் பொறக்கறதுக்கு முன்னால எனக்கு ரெண்டு தங்கல. அப்புறம் வேண்டிக்கிட்டுப் பன்னெண்டு பௌர்ணமி மலையைச் சுத்தினேன். ஒவ்வொரு தடவையும் உங்க ஊரு கிட்ட வந்ததும் காலு இழுக்கும். பாதிதான் வந்திருக்கோம்னு தெரியும். உட்கார்ந்துடலாமான்னு இருக்கும். உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது. அப்ப ஒரு அடி தப்பா விழும் பாரு, கண்ணு இருட்டும். இன்னொருத்தர் தோளைப் பிடிச்சிக்குவேன். அப்புறம் காலு தானா நடந்துடும்."

மாறன் தலை குனிந்திருந்தான்.

"உன் கை அந்த இடத்துல தப்பா விழுந்து அப்புறம் நடந்துச்சி பாரு. அது எனக்கு அப்படியே இருந்திச்சி. மொதல் தடவை கேட்டப்ப அரிசி முறத்தை வெச்சிட்டு அழுதுட்டேன். முப்பது வருஷமா இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, கீதா அப்பாகிட்டகூட. நீ எப்படித் தெரிஞ்சிக்கிட்டேன்னு நினைச்சேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எனக்குப் பேப்பர்ல எல்லாம் எழுதத் தெரியாது தம்பி. நேர்ல வந்துதான் சொல்ல முடியும். ரொம்ப நன்றிப்பா."

அம்மாவுக்கு இரண்டு தங்கவில்லை என்பது கீதாவுக்கு இந்த வயதுவரை தெரியாது.

மாறன் வெகுநேரம் ஒரே செடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். அதில் காயே மிச்சமில்லை.

"தடுமாறினது தடுமாறினதுதாம்மா," என்றான் கடைசியில். குரல் உடைந்திருந்தது.

"ஆமா. இல்லன்னு யாரு சொன்னா?"

அவன் சிரித்தான். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டான். மண் கன்னத்தில் ஒட்டியது. "அம்மா," என்று வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான், "சோறு இருக்குதா?"

"இருக்குதுடா," என்றாள் சந்திரம்மாள் உள்ளிருந்து. தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது.

தங்கம்மாளும் கீதாவும் விடைபெற்றுக்கொண்டு தெருவுக்கு வந்தபோது, மெயின் ரோட்டிலிருந்து ஒருவன் கிதார் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்து வந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் வந்த பிறகுதான் அவர்களைப் பார்த்தான். விமல்.

"அம்மா? நீ எங்க இங்க?"

"நீ எங்க இங்க?"

"வீட்டுக்கு அப்புறம் வரலாம்னு..." அவன் முடிக்கவில்லை. மாறன் வீட்டுப் பக்கம் பார்த்தான். "இருக்கானா?"

"இருக்கான். இப்பதான் சாப்பிட உட்கார்றான்."

விமல் தங்கையைப் பார்த்தான். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"நான் காட்டிட்டேண்ணா," என்றாள் கீதா. "மன்னிச்சிக்கோ."

அவன் தலையை ஆட்டினான். கோபம் இல்லை. "உன்னை அப்படிக் கேட்டிருக்கவே கூடாது நான். பஸ்ல வர்றப்ப பூரா அதான் நினைச்சிக்கிட்டு வந்தேன். நல்ல வேளை காட்டுன." தரையைப் பார்த்தபடி சொன்னான். "காலையில உன்கிட்ட பேசினதும் மேனேஜருக்குப் போன் பண்ணிட்டேன். திங்கக்கிழமை வந்துடறேன்னு சொல்லிட்டேன். அவரும் ஆர்டர் போட்டுட்டாராம்."

கீதா வாயைத் திறந்தாள். தங்கம்மாள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அதை அப்பாகிட்ட வந்து பேசு. அவருக்கும் உன்கிட்ட சொல்ல வேண்டியது இருக்குது," என்றாள். "மொதல்ல நீ வந்த வேலையைப் பாரு. போ."

விமல் உள்ளே போனான்.

ஆட்டோவில் ஏறும்போது கீதா திரும்பிப் பார்த்தாள். வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியே களம் தெரிந்தது. விமல் கிதார் பையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்தான். மாறன் தட்டோடு வந்து நின்றான். நண்பனைப் பார்த்தான். தானும் உட்கார்ந்து, தட்டை இருவருக்கும் நடுவில் வைத்தான்.

"யாரும்மா மொதல்ல பேசுவாங்க?" என்று கேட்டாள் கீதா.

"யாரு பேசினா இன்னா?" என்றாள் தங்கம்மாள். "நீ ஏறு."

ஆட்டோ திரும்பியது.